நீலக் கோழிக்குச் சாதி உண்டா?

ஒரு நீல ஆண்டலூசியன் சேவல், ஒரு நீல ஆண்டலூசியன் பெட்டை. உடம்பெல்லாம் மழைமேகச் சாம்பல். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மை தீட்டியது போல ஒரு கருங்கோடு. இந்த ஜோடியின் 16 முட்டைகளை அடை வைத்து எல்லாமே பொரித்தால், இறகு முளைக்கும்போது ஏறக்குறைய எட்டுதான் நீலமாக இருக்கும். நான்கு கன்னங்கரேல் என்று வரும். மிச்ச நான்கும் வெள்ளை. அதிலும் அங்கங்கே நீலத்தைத் தெளித்தது போன்ற திட்டு.

ஸ்பெயினின் ஆண்டலூசியா பெயரைத் தாங்கினாலும் இந்த இனம் காட்சிக் கோழியாக உருவானது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். கண்காட்சி நடுவர்களுக்கு நீலம் மட்டுமே வேண்டும். வளர்ப்பவர்கள் கருப்பையும் வெள்ளையையும் கழிவு என்று ஒதுக்கிவிட்டு, நீலத்தை நீலத்தோடு மட்டும் சேர்த்தார்கள். இன்னும் கவனமாகப் பொறுக்கினால் ரத்தம் சுத்தமாகும், கழிவு நின்றுவிடும் என்று நம்பினார்கள். தலைமுறைகள் போயின. பாதிக்குப் பாதி கழிவு வந்துகொண்டே இருந்தது.

விடை ஒரு துறவிமடத்தின் தோட்டத்தில் முன்பே கிடைத்திருந்தது. புருன் நகரின் அகஸ்டீனியத் துறவி கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடியில் எட்டாண்டு உழைத்துக் கண்ட கணக்கை 1866-ல் அச்சிட்டார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1900-ல் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் பேட்சன் அதைக் கோழிகளிடம் சோதித்தார். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

கணக்கு எளியது. நிறத்தை முடிவு செய்யும் மரபணு ஒவ்வொரு கோழியிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. இரண்டும் சாதாரணப் பிரதி என்றால் கோழி கருப்பு. இரண்டும் நிறத்தை வெளிறச் செய்யும் பிரதி என்றால் திட்டு வெள்ளை. ஒன்று இது, ஒன்று அது என்றால்தான் நீலம். ஆக, நீலக் கோழி என்பது எப்போதும் கலப்பு. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் பாதித் தடவை ஒரு பூவும் ஒரு தலையும் விழுவது போல, நீலத்தோடு நீலம் சேர்ந்தால் பாதி மட்டுமே நீலம். எத்தனை நூற்றாண்டு பொறுக்கினாலும் இது மாறாது. ஆனால் கழிவு என்று ஒதுக்கிய கருப்பையும் அந்தத் திட்டு வெள்ளையையும் ஒரே கூட்டில் விட்டால், பொரிக்கும் குஞ்சு அத்தனையும் நீலம். பேட்சனின் சகா ரெஜினால்ட் பன்னெட் தன் 'மெண்டலிசம்' நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்: சுத்தம் என்று போற்றப்பட்டதுதான் கலப்பு, கழிவு என்று வீசப்பட்டவைதான் சுத்தம்.

அந்த நீலத்துக்கென்று தனிச் சாயம்கூட இல்லை. ஓர் இறகை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது கருப்புக் கோழியில் உள்ள அதே கருநிறமிதான். துகள்களின் வடிவமும் அவை அடுக்கப்பட்ட விதமும் மாறியிருப்பதால் நம் கண்ணுக்கு அது நீலமாகப் படுகிறது.

இந்த இடத்தில் கோழி வளர்ப்பு தத்துவ விசாரணை ஆகிவிடுகிறது. 'இனம்' என்று நாம் சொல்வது உயிரின் உள்ளே இருக்கும் ஒன்றா, நாம் வெளியிலிருந்து போடும் வேலியா? தமிழில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் சூடு உண்டு. உயர்ந்த வகை நாயை 'சாதி நாய்' என்போம். அதே சொல்லால்தான் மனிதரையும் பிரித்தோம்.

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. பசுக்கள் பிறந்து மடியும். ஆனால் எல்லாப் பசுக்களிலும் நிலைத்திருக்கும் 'பசுத்தன்மை' என்ற சாதி அழியாதது, உண்மையானது என்றனர் நியாய, வைசேடிகர்கள். மீமாம்சகரான குமாரில பட்டர் இன்னொரு படி மேலே போனார். பிராமணத்தன்மையும் அத்தகைய சாதியே. பெற்றோர் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அது கண்ணுக்கே புலப்படும் என்று வாதிட்டார். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகர், 'அபோகம்' என்ற கருத்தை முன்வைத்தார். 'பசு' என்ற சொல் பசுத்தன்மை என்ற எதையும் சுட்டுவதில்லை. பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவுதான்.

விலக்குவதால் மட்டுமே நிற்கும் சாதி! ஆண்டலூசியன் கூட்டில் நடந்தது அச்சு அசலாக இதுவே. ஒவ்வொரு பொரிப்பிலும் பாதிக் குஞ்சுகளை வெளியேற்றினால்தான் 'நீல இனம்' என்ற ஒன்று கண்காட்சி மேடையில் நிற்க முடிந்தது. வெளியேற்றுவதை ஒரு தலைமுறை நிறுத்தினால் அந்த இனமும் கலைந்துவிடும்.

கருப்போடு கருப்பு சேர்ந்தால் கருப்பே பிறக்கிறதே, அங்காவது சாதி உண்மை இல்லையா என்று நியாயவாதி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுத்தம் ஒரு மரபணுவைப் பொறுத்த சுத்தம் மட்டுமே. நமக்கு நன்கு பழகிய வெள்ளை லெகார்னைப் பாருங்கள். அதன் வெள்ளை ஒரு போர்வை. மேலே போர்த்த ஒரு பிரதி போதும். அடியில் வேறு நிறங்களுக்கும் வரிகளுக்குமான மரபணுக்கள் மறைந்திருக்கும். வேறு இனத்தோடு சேர்த்து ஓரிரு தலைமுறை விட்டால் அவை வெளியே வந்து நிற்கும்.

கூட்டோடு இது நின்றிருந்தால் பாதகமில்லை. அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் சார்லஸ் டேவன்போர்ட் என்ற உயிரியலாளர் கோழிகளின் கொண்டை, இறகு, நிறம் எல்லாவற்றையும் ஆராய்ந்து 1906-ல் ஒரு நூல் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1910-ல், அதே ஊரில் மனிதக் குடும்பங்களின் 'தரத்தை'ப் பதிவு செய்யும் இனமேம்பாட்டு அலுவலகத்தைத் தொடங்கினார். வறுமை, மனநோய், குற்றம் எல்லாம் சேவல் கொண்டை போலவே வழிவழியாக வரும் என்று அந்த அலுவலகம் சொன்னது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்களின் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கு இரையானவர்கள் 60,000 பேருக்கும் மேல். நீலக் கோழி சொன்ன பாடம் எல்லோர் கண் முன்னும் இருந்தது. அதைப் படித்தவர்களே அதற்கு நேர் எதிராக நடந்தார்கள் என்பதை மன்னிக்க முடியவில்லை.

நிறத்தைக் கொண்டு கழிவைப் பிரிக்கும் வேலை இன்றும் நடக்கிறது. ரோடு ஐலண்டு ரெட் சேவலை வெள்ளி நிற மரபணு கொண்ட பெட்டையோடு சேர்த்தால், ஒரு நாள் குஞ்சிலேயே பெட்டை செம்பழுப்பு, சேவல் வெளிர்மஞ்சள். அந்த மரபணு இருப்பது பால் குரோமோசோமில். தாய் அதைத் தன் மகன்களுக்கு மட்டுமே கொடுப்பாள். முதல் உலகப்போரில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, இப்படி நிறம் பார்த்துச் சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரிக்கலாம் என்று யோசனை சொன்னவர் அதே பன்னெட். பழுப்பு முட்டைக் கோழிகளின் பொரிப்பகங்களில் இன்றும் தட்டுத் தட்டாகக் குஞ்சுகள் வரும். கைகள் பழுப்பை ஒரு பக்கமும் மஞ்சளை மறுபக்கமும் போடும். மஞ்சள் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் வேகமாகப் பெருக்காது. பல நாடுகளில் அதன் ஆயுள் ஒரு நாள்தான். எந்தச் சமயத்தின் கருணையைக் கொண்டும் இதை நியாயப்படுத்த வழியில்லை. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. மற்ற நாடுகளும் அதைச் செய்தாக வேண்டும்.

சுத்தத்தைப் பற்றிய கடைசிச் சாட்சி நம் மலைகளிலிருந்தே வருகிறது. வீட்டுக் கோழி எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றின் வழி வந்தவை என்றே டார்வின் கருதினார். அது பெரும்பாலும் சரி. ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் தோலில் மஞ்சள் இல்லை. 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் முன்னின்று மரபணுவை ஒப்பிட்டபோது, வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கான பிரதி சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது தெரிந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் கூவுகிற அதே கோழி. அடுத்த முறை சந்தையில் மஞ்சள் கால் கோழி ஒன்றைப் பார்த்தால், சற்று நின்று அந்தக் காலைக் கவனியுங்கள். எப்போதோ மனிதர் வளர்த்த கோழியும் தென்னிந்தியக் காட்டுக்கோழியும் கலந்ததால் வந்த மஞ்சள் அது.