மேட்டில் நின்ற வண்டியும் மனச்சாட்சியும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் வாசலில் நம் வாலிபர் இருவர் பலத்த தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். மேட்டில் நின்றுவிட்ட காரை எப்படிக் கிளப்புவது என்பதே வழக்கு. ஒருவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றவர். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றார். மற்றவர் லாரி ஓட்டும் தம் மாமாவிடம் கற்றவர். ஹேண்ட் பிரேக்கைத் தேடுகிறவன் டிரைவரே அல்ல, கிளச்சிலேயே வண்டியைத் தாங்கவேண்டும் என்றார். என்னை மத்தியஸ்தராக்கினார்கள். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற பெரியவர், "இதுக்கெல்லாம் சாமியை ஏண்டா கேக்கறீங்க? இதுல என்ன பாவம், என்ன புண்ணியம்?" என்று சொல்லிவிடவே, வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்தப் பெரியவர் கேட்டது நல்ல கேள்வி. ஆகையால் இவ்வாரம் அதையே எடுத்துக்கொள்ளுகிறேன்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவது அவசியம். கியர் வண்டியில் கிளச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என மிதிகள் மூன்று. மனிதனுக்குக் கால்களோ இரண்டு. சமதரையில் இதனால் சங்கடமில்லை. மேட்டிலோ, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னுக்கு உருளத் தொடங்கும். அந்த ஒரு நொடியைக் கடப்பதற்கே இத்தனை வித்தைகள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, எஞ்சின் சத்தம் மாறும்வரை கிளச்சை மெல்ல விட்டு, வண்டியின் முகம் சற்றே தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குவது ஒன்று. கால் பிரேக்கை மிதித்தபடியே கிளச்சை அதே இடத்துக்குக் கொண்டுவந்து, சட்டென்று காலை மாற்றுவது மற்றொன்று. ஹாஃப் கிளச்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திவைப்பது மூன்றாவது. இதில் கிளச் பிளேட் தேயும், கருகிய வாடை வரும், மெக்கானிக்குக் காணிக்கை சேரும். புதிய கார்கள் சிலவற்றில், காலை எடுத்தபின்னும் ஓரிரு நொடிகள் வண்டியைத் தானே பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் உண்டு.

இவற்றில் எது சரி? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, லைசென்ஸ் கேட்கிறவன் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்துக் காட்டவேண்டும் என்கிறது. ஹேண்ட் பிரேக்காலும் செய்யலாம், ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையும் கொண்டும் செய்யலாம். ஆனால் வண்டி பின்னுக்கு உருளக்கூடாது. பாருங்கள், வாலிபர் இருவருடைய கட்சிக்கும் அங்கே இடமுண்டு! வழியைச் சட்டம் ஓட்டுகிறவன் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது. பின்னால் நிற்கிறவனை மட்டும் அவன் இஷ்டத்துக்கு விடவில்லை.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சொல்லுவதும் ஏறக்குறைய இதுவே. தன் இனத்தைப் பொறுத்தமட்டில் நன்மையுமல்லாத தீமையுமல்லாத செய்கைகள் உண்டென்று அவர் ஒப்புக்கொள்ளுகிறார். தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பது அவர் காட்டும் உதாரணம். ஆயினும் ஒரு மனிதன் யோசித்துச் செய்யும் ஒவ்வொரு தனிச் செய்கையும், அவனுடைய நோக்கத்தாலும் சூழ்நிலைகளாலும், ஒன்று நல்லதாகும் அல்லது கெட்டதாகும். கிளச்சை விடுவது துரும்பெடுப்பது போன்றதே. ஆனால் பின்னால் யார் நிற்கிறார்கள்?

நம் கீழ்பென்னாத்தூர் சமபூமி, நமக்கேது மேடு என்பீர்கள். பௌர்ணமிக் கூட்ட நாளில் திருவண்ணாமலை ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காருக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் இன்னொரு காரல்ல, மொபெட். புருஷன் ஓட்ட, மனைவி பின்னால் இருக்க, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறது பிள்ளை. கார் பின்னுக்கு வரும் ஒரு முழம், உள்ளேயிருப்பவருக்கு ஒரு குலுக்கல் மாத்திரமே. மொபெட்டுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. அவர் எங்கே ஒதுங்குவார்? இதை முன்னிட்டே, மேட்டில் முன்வண்டியை நெருங்கி நிற்காதேயுங்கள் என்று மொபெட்காரருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது.

பெரியவர் கேள்விக்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது: ரோட்டு விதி சர்க்கார் போட்டது, மீறினால் ஃபைன் கட்டுகிறேன், அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்பது. இப்படிப் பேசுகிறவர் தாம் அறியாமலே பழைய வேதசாஸ்திரக் கொள்கை ஒன்றைப் பேசுகிறார். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை, அபராதத்துக்கு மாத்திரமே உட்படுத்தும் என்பது அக்கொள்கை. சேசு சபைக் குருவான சுவாரெஸ், சட்டங்களைப் பற்றி 1612-ல் வெளியிட்ட பெருநூலில் அதற்காக வாதாடியிருக்கிறார். அதைப் பற்றி இங்கே நெடுக எழுத இடமில்லை. பிறர் உயிருக்கு மோசம் வருகிற இடத்தில் அந்தக் கொள்கை உதவாது என்பது மட்டும் நிச்சயம். அங்கே நம்மைக் கட்டுவது சர்க்கார் காகிதமல்ல, சர்வேசுரனுடைய ஐந்தாம் கற்பனை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றிய தன் சாசனத்தில், வேகவரம்புச் சட்டங்களை எடுத்துச் சொல்லியே, அவற்றை அசட்டை செய்வோர் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள் என்று கண்டித்தது. 2007-ல் உரோமையிலிருந்து வாகனம் ஓட்டுவோருக்கென்றே பத்துக் கற்பனைகள் வெளிவந்தன. கொலை விலக்கே அதிலும் முதலாவது.

அப்படியானால் கார் ஒரு முழம் பின்னே உருண்டால் பாவமா? கைதவறி உருண்டால் அதில் பாவமில்லை. ஆனால் மேட்டில் தன்னால் வண்டியை எடுக்க முடியாது என்று நன்றாய்த் தெரிந்தும், ஒரு நாளாவது காலி இடத்தில் பழகிப் பாராமல், கோடை லீவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஏற்காட்டின் 20 வளைவுகளுக்கும் புறப்படுகிறவர் வெறுங்கையராய் நிற்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் குற்றம் வளைவில் அல்ல, வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

மலைச்சாலையில் எதிரெதிரே வரும் இருவரில் யார் ஒதுங்குவது? இறங்குகிறவன் நின்று, ஏறுகிறவனுக்கு வழிவிடவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த விதிகளும் அப்படியே கூறுகின்றன. காரணம் தெளிவு. இறங்குகிறவன் நின்றால், பிரேக்கை விட்டதும் பூமியே அவனை இழுத்துக்கொண்டு போகும். ஏறுகிறவன் நின்றால், பாரம் முழுவதையும் ஒன்றுமில்லாமையிலிருந்து மறுபடி கிளப்பவேண்டும். நிற்பது யாருக்கு இலேசோ அவன் நிற்கட்டும். பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று பார்க்கவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையும் சுமார் 1,000 மீட்டர் இறக்கம்தான். ஏறக்குறைய ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குவதுபோல. நல்ல சமாரித்தன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போனவன் அந்த வழியாய் இறங்கி வந்தவன் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். அவன் ஒரு குருவானவன் என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆயினும் இறங்குகிற பஸ் பாரமேறியது, அதன் பிரேக் சூடேறியிருக்கிறது என்று கண்டால், ஏறுகிற கார்க்காரரே ஒதுங்கிக்கொள்ளட்டும். விதி கொடுப்பது உரிமை; அதைப் பிடித்துக்கொண்டு முட்டவேண்டும் என்று கட்டளையிடவில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களும், எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் விசையும் நாலைந்து மிதியில் தீர்ந்துபோகும், பிறகு மிதி கல்லாயிருக்கும். சில ரூபாய்க்காகவா!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது நீங்களும் கண்டிருக்கலாம். ஏற்றத்தில் லாரி பழுதாகி நின்றால், கிளீனர் ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அண்டையாகப் பெருங்கல் வைப்பான். நல்ல காரியம். வண்டி சரியாகிக் கிளம்பியதும் அந்தக் கல் சாலை நடுவிலேயே கிடக்கும். இருட்டில் வரும் மொபெட்காரருக்கு அதை வைத்தவர் யாரென்று தெரியாது, போலீசுக்கும் தெரியாது, ஃபைனும் கிடையாது. வைத்தவரைக் கேட்டால், ஏற்றத்தில் லாரியை மறுபடி நிறுத்த முடியாதே சாமி என்பார். அதுவும் வாஸ்தவம். மேட்டைக் கடந்து சமமான இடத்தில் நிறுத்தி, நடந்து வந்துதான் எடுக்கவேண்டும், சிரமம்தான். அவர் எடுக்காமல் போயிருந்தால், அடுத்து அவ்வழியே வருகிற நீங்கள் எடுத்து ஓரத்தில் போடுங்கள். வளைவிலே மட்டும் நிறுத்தாதேயுங்கள். சற்றுத் தள்ளி, உங்கள் வண்டி மற்றவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாய் இழுத்துவிட்டு இறங்குங்கள்.