முட்டையின் சாட்சியம்

கோழி முட்டையிடுவதை நிறுத்தும்போதுதான் அதன் அவஸ்தை நமக்கு ஒரு பிரச்னையாகிறது. இட்டுக்கொண்டிருக்கும் வரை அது சௌக்கியமாக இருக்கிறது என்பது நம் முடிவு. ஒரு ஜீவனின் ஸ்திதியை அது நமக்குத் தருவதைக் கொண்டே அளக்கும் இந்தப் பழக்கத்தில் ஒரு தார்மீகச் சோம்பல் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கொல்லையில் நான்கு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். (மாடு வளர்த்தால் மரியாதை தரும் நண்பர்கள் கோழி என்றதும் சிரிக்கிறார்கள்.) ஓர் அந்தியில் தெருநாய் பஞ்சாரத்தைப் புரட்டிப்போட்டது. மறுநாள் கிடைத்த முட்டையின் நடுவில் அரைஞாண் கட்டினாற்போல் ஒரு தழும்பு. விஷயம் இதுதான். முட்டை சுமார் 20 மணி நேரம் வயிற்றுக்குள் இருந்து ஓடு கட்டிக்கொள்கிறது. ஓடு இன்னும் மெல்லிசாக இருக்கும்போது கோழி மிரண்டு தாவினால் உள்ளேயே விரிசல் விடும். விரிசலின்மேல் உடல் மறுபடியும் சுண்ணாம்பைப் பூசி மூடிவிடும். சில சமயம் பயம் முட்டையை வெளியே விடாமல் நிறுத்திவைக்கும். மணிக்கணக்கில் தங்கிய ஓட்டின்மேல் வெளிறிய தூள் படிந்திருக்கும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழி கரியமில வாயுவை அதிகம் இழக்கிறது, ஓடு மெலிகிறது. கலக்கம் நாள்கணக்கில் நீடித்தால் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் ஏறி, முட்டையே நின்றுபோகலாம். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும்.

துன்பத்தில்தான் படைப்பு விளைகிறது என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்களுக்கு இந்தக் கோழி உதவாது. பயந்தால் அது நிறுத்திக்கொள்கிறது. கூண்டுக்கோழி உதவும் என்று தோன்றலாம். அதுவும் இல்லை. காட்டில் அதன் மூதாதை வருஷத்துக்கு ஒரு டஜன் சொச்சம் இட்டது. பண்ணைக் கலப்பினம் 300 இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முறிந்த மார்பெலும்போடும் இட்டுக்கொண்டிருக்கும் கோழிகள் உண்டு. துன்பத்தால் அல்ல, துன்பத்தையும் மீறி இடும்படி மனிதன் அதைப் பொறுக்கி வளர்த்திருக்கிறான். ஆக, முட்டை ஒரு பக்கத்துச் சாட்சி. அது நின்றாலோ தழும்பேறினாலோ ஏதோ சொல்கிறது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் ஒன்றுமே சொல்வதில்லை.

அப்படியானால் கோழியையே கேட்டுவிடலாமே? கேட்டிருக்கிறார்கள். 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் கமிட்டி, மெல்லிய அறுகோண வலைத் தரை கோழியின் காலை உறுத்தும், அது கூடாது என்று சிபாரிசு செய்தது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளுக்குப் பலவகைத் தரைகளைக் காட்டிப் பார்த்தார்கள். கோழிகள் அந்த மெல்லிய வலையையே நாடின. கமிட்டியின் இரக்கம் பொய்யல்ல; ஆனால் அது மனிதக் காலின் இரக்கம். இந்தப் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கக்கூடாது. வைத்த தரைகளுக்குள்தான் கோழி தேர்ந்தது. மண்ணை அதன் முன்னால் வைத்தவர் யார்?

என்னுடைய சிக்கல் வேறு. நால்வரில் கறுப்பி பத்து நாளாக அடையில் இருக்கிறது. முட்டை இல்லை. இரை எடுக்க ஒரு முறை எழுகிறது, இளைத்துவிட்டது, கிட்டே போனால் சிலிர்த்துக் கொத்த வருகிறது. கணக்குப் பார்ப்பவனுக்கு இவையெல்லாம் நோய்க்குறிகள். எதிர்வீட்டுப் பாட்டி, "மூக்குல ஒரு எறகக் குத்தி விடு தம்பி, ரெண்டு நாள்ல அடை தெளிஞ்சிரும்" என்கிறார். தெளியும்தான். மறுபடி முட்டையும் வரும். அந்த முட்டையைப் பார்த்து, கோழி தேறிவிட்டது என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவஸ்தை என்று ஒன்று இங்கே இருக்குமானால் அது அந்த இறகோடுதான் ஆரம்பிக்கும்.

நாள் தவறினால் வியாபாரம் கெடும் பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை; அவர் முட்டை விற்று மருந்து வாங்குகிறவர். நான் விற்பதில்லை. கறுப்பிக்கு அடியில் ஏழு முட்டை. தண்ணீர்ச் சட்டியைக் கொஞ்சம் அருகில் நகர்த்தி வைத்திருக்கிறேன். இன்னும் பதினொரு நாள்.