பழகுபவனுக்கும் கூலி உண்டு



மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். கையில் ஒன்றுமில்லை. இருந்தும் அங்கிருந்த பெரியவர் சும்மா வேலை வாங்கவில்லை. எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து, தம் மகளை மணமுடித்துத் தருவது என முதலிலேயே பேசி முடித்தார் (அல்கஸஸ் 27).

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் வகுப்பும் எடுக்கிறார்கள், விடைத்தாளும் திருத்துகிறார்கள். அவர்கள் மாணவர்களே, தொழிலாளர்கள் அல்லர் என்றது நிர்வாகம். 2016 டிசம்பரில் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். வேண்டும் என்றோர் 1602, வேண்டாம் என்றோர் 623. முதல் ஒப்பந்தம் 2022இல்தான் முடிந்தது.

வேண்டாம் என்றவர்களின் கருத்தையும் மதிப்போம். ஆனால், கற்கிறான் என்பதற்காக உழைப்பவனிடம் பேசவே மறுப்பது நீதியாகுமா?

ஆசிரமம் பகுதியில் கடை, விடுதி, உணவகம் நடத்துபவர்களே! 'தொழில் பழகுகிறான்' என்று நிறுத்தியிருக்கும் பையனிடம் என்ன கூலி பேசியிருக்கிறோம்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்). பழகுபவனுக்கும் வியர்க்கத்தான் செய்கிறது.

இன்று ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும், அவனை உட்காரவைத்துப் பேசுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.