பழைய முகம் யாருக்குச் சொந்தம்?

எழுத்தாளனுக்கு ஒரு வசதி உண்டு. இளமையில் எழுதிய கதை பிடிக்காவிட்டால் தொகுப்பில் சேர்க்காமல் விட்டுவிடலாம். நடிகைக்கு அந்த உரிமை உண்டா?

மேரி பிக்ஃபோர்டு 1909-இல் பயோகிராப் கம்பெனியின் ஊமைப் படங்களில் நடிக்க ஆரம்பித்தார். உலகமே கொண்டாடிய அந்த அம்மையார், பிற்காலத்தில் தம் பழைய படங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். எதற்கு? தாம் இறந்ததும் கொளுத்திவிட! புதிய தலைமுறை பார்த்துச் சிரிக்குமே என்ற பயம். அந்தப் பயத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. தன் பதினேழு வயது முகம் ஊரார் நகைப்புக்கு ஆளாவதை யார்தான் பொறுப்பார்கள்?

ஆனால், படம் அவர் ஒருவருடையதா? காமிரா பிடித்தவனுக்கும், ஐந்து ஸென்ட் கொடுத்துப் பார்த்து அழுத தொழிலாளிக்கும் அதில் பங்கில்லையா? நைட்ரேட் பிலிமோ தானே மட்கும், தீயும் பிடிக்கும். 1912 முதல் 1929 வரை வந்த அமெரிக்க ஊமைப் பெரும்படங்களில் 14 சதவீதமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியிருப்பதாக, 2013-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. காலம் செய்யும் அழிவு போதாதென்று மனிதனும் தீப்பெட்டியை எடுக்க வேண்டுமா?

நல்லவேளை, அம்மையார் மனம் மாறினார். 1970-இல் ஐம்பது பயோகிராப் படங்களை அமெரிக்கத் திரைப்படக் கழகத்துக்குக் கொடுத்தார். அபூர்வமாக அவற்றில் ஒன்றிரண்டைத் திரையிடுகிறார்கள்.

கலைஞனுக்கு வெட்கப்பட உரிமை உண்டு. அழிக்க உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் ஒரு கடமை நம்மேல் வந்து விழுகிறது: இருட்டில் உட்கார்ந்து அந்தப் பழைய முகத்தைப் பார்க்கும்போது, ஏளனமாகச் சிரிக்காமல் இருப்பது.