எதிர்வீட்டு ஜன்னல்

போன மாதம் போடிநாயக்கனூரில் ஒரு துணிக்கடை. ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு இல்லை, பக்கத்தில் சிலமலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. அகலம் எத்தனை, உயரம் எத்தனை, சுவர் என்ன கலர் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட கடைக்காரர், கடைசியாக ஒன்று கேட்டார்.

"எதுக்கு சார் போடுறீங்க? வெயிலுக்கா, தூசிக்கா... இல்ல, ஆளுக்கா?"

நியாயமான கேள்விதான். வெயிலுக்கு என்றால் பின்பக்கம் வெள்ளை லைனிங் கொடுத்துத் தைக்க வேண்டும். தூசிக்கு என்றால் அடிக்கடி கழற்றித் துவைக்கிற மாதிரி காட்டன். பட்டை பட்டையாக ஆபீஸ்களில் தொங்குமே, அந்த பிளைண்ட்ஸ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆடிக் காற்றில் தடதடவென்று அடித்துத் தூக்கத்தைக் கெடுக்குமாம். சரி, ஆளுக்கு என்றால்?

"நல்லா கனமா, டார்க்கா எடுங்க. ஒரு ஊசி நுழையாது!"

மச்சான் சொல்லி அனுப்பியிருந்ததும் அதைத்தான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு அப்பத்தா. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும் விடிகாலையில் வந்து உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் போக இருட்டும்வரை அங்கேதான். தூக்கம் வராத ராத்திரிகளில் திண்ணையிலேயே கயிற்றுக் கட்டில். அந்தக் கண்ணுக்குத் தப்பித்து ஒரு கோழிகூடத் தெருவைக் கடக்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள். மச்சான் மலையில், தோட்டத்தில் இருக்கிறார். அக்கா மகள் அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தாள். ஆறு மணிக்குத் திறக்கும் ஜன்னல் அன்றைக்கு ஏழாகியும் திறக்கவில்லை. அப்பத்தா எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. தெருவைக் கூட்டி, கதவை உடைத்துப் பார்த்தால், அக்கா சுகர் இறங்கி அடுப்படியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர். அப்பத்தாவின் கண்தான் காப்பாற்றியது.

இப்போது இரண்டாவது சம்பவம். அக்கா மகள் இப்போது வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போய் வருகிறாள். இரண்டு மாதம் முன்பு அப்பத்தா கடைக்குப் போன இடத்தில், "அந்தப் புள்ள ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஜன்னல்கிட்ட நின்னு போன் பேசிக்கிட்டு இருக்குத்தா" என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு வரி மலை ஏறுவதற்குள் கையும் காலும் முளைத்துவிட்டது. மச்சான் இறங்கி வந்தார். "படிச்சது போதும்" என்றார். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் அக்கா அழுது மன்றாடி ஒரு சமாதானம் வந்தது. காலேஜ் போகலாம். ஆனால் ஜன்னலுக்குக் கனமான திரை. அதைத் திறக்கக் கூடாது.

அந்தத் திரைக்குத்தான் நான் துணி எடுக்கப் போயிருந்தேன்.

இந்த இடத்தில் உங்கள் மனதில் ஒரு கேள்வி வந்திருக்குமே. 'அந்தப் பெண் யாரோடு பேசினாள்?' வெட்கப்படாதீர்கள். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்சம் பொறுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் கஷ்டம் என்றால், யார் ஒதுங்க வேண்டும்? பார்க்கிறவரா, பார்க்கப்படுகிறவரா? திண்ணைச் சண்டை மாதிரித் தோன்றும். ஆனால் கோர்ட்டுகளே நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டுகின்றன.

1860-களில் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திறந்ததால் எங்கள் அந்தரங்கம் போச்சு என்று முறையீடு. ஜன்னல் திறப்பது சட்டப்படி குற்றமில்லை, வேண்டுமானால் உன் இடத்தில் நீ மறைப்புக் கட்டிக்கொள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அப்படியே எங்கள் மச்சான்!

1882-ல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. அதன் 18-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அடுத்த வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று ஓர் ஊரில் வழக்கம் இருந்தால், அந்த வழக்கமே அங்கே வீடு கட்டுகிறவருக்கு உரிமையாகிவிடும் என்று போகிறது. 1888-ல் அலகாபாத் ஐகோர்ட்டும், தங்கள் பகுதியில் அப்படி வழக்கம் உண்டு, அதைச் சட்டம் மதிக்கும் என்று சொன்னது. அதாவது, இங்கே ஒதுங்க வேண்டியவர் பார்க்கிறவர்.

ஆகா என்று கை தட்டிவிடாதீர்கள். அங்கே காப்பாற்றப்பட்டது கோஷாவில் இருந்த பெண்களின் மறைவு. வழக்குப் போட்டவர்களோ பெரும்பாலும் வீட்டு ஆண்கள். 'உனக்கு வெளியே பார்க்க ஆசை உண்டா அம்மா?' என்று உள்ளே இருந்தவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது லண்டன். டேட் மாடர்ன் என்று புகழ்பெற்ற ஓவியக் கூடம். 2016-ல் அதன் புதுக் கட்டடம் திறந்தார்கள். பத்தாவது மாடியில், ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு பார்வை மாடம். சுமார் 34 மீட்டர் தூரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடி வீடுகள். மாடத்துக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். வந்தவர்கள் லண்டனைப் பார்த்த கையோடு எதிர்வீட்டு சோபாவையும் பார்த்தார்கள். கை ஆட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பைனாகுலர் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, கண்ணாடி வீட்டை வாங்கியது நீங்கள், பிளைண்ட்ஸை இறக்கிவிடலாம், வலைத்துணித் திரை போடலாம் என்றார். பிறகு மேல் முறையீட்டிலும் தோல்வி. 2023 பிப்ரவரி 1 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் வீட்டுக்காரர்கள் பக்கம். ஒருவன் தன் சொந்த வீட்டில் நாள் முழுக்கத் திரைக்குப் பின்னால் வாழ வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை, தொந்தரவைத் தடுக்கும் பொறுப்பைத் தொந்தரவுக்கு ஆளானவன் தலையில் கட்ட முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

ஆக, 1860-களின் மெட்ராஸ் ஒரு பக்கம், 2023-ன் லண்டன் மறுபக்கம். நடுவில் நம் நாட்டிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவின் திண்ணையில் ஒட்ட முடியுமா?

ஒட்டினால் ஒரு சிக்கல் இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு எதையும் வரவு-செலவு போட்டுப் பார்க்கும் வியாதி உண்டு. அப்பத்தாவின் பார்வைக்கு வரவுப் பக்கம் எழுதினால், என் அக்காவின் உயிர். செலவுப் பக்கம், அக்கா மகளின் படிப்பு, நூலிழையில் தப்பியது. ஒரே ஜன்னல், ஒரே கண். 'உன் வேலையைப் பார்' என்று அந்தக் கண்ணை மூடிவிட்டால் செலவு மட்டுமா போகும்? நகரத்து ஃபிளாட்டில் தனியே இருந்தவர் இறந்து, நாலு நாள் கழித்துக் கதவை உடைத்தார்கள் என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது!

அப்படியானால் பார்க்கலாமா, கூடாதா?

வள்ளுவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். திருக்குறளின் 58-வது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்றைக்கு நாம் 'என் கண்ணோட்டத்தில்' என்று கருத்துச் சொல்லப் பயன்படுத்தும் வார்த்தை. வள்ளுவர் வைத்த அர்த்தம் வேறு. பார்க்கப்படுகிறவர் மேல் இரக்கம் ஓடுவதுதான் அங்கே கண்ணோட்டம். தாட்சண்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த அதிகாரம், 59, என்ன தெரியுமா? ஒற்றாடல். வேவு பார்ப்பது! இரண்டும் அரசனுக்குச் சொன்னவை. அவனுக்கு இரண்டும் தேவை. நமக்கு ராஜ்யமா இருக்கிறது? நமக்கு 58-வதே போதும்.

ஜன்னல் திறக்கவில்லையே என்று எழுந்து போன அப்பத்தா இருந்தது 58-ல். ராத்திரி பன்னிரண்டு மணியைக் கடையில் போய்ச் சொன்னபோது, அவருக்கே தெரியாமல் 59-க்குப் போய்விட்டார். பார்த்ததில் தப்பில்லை. பார்த்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்பதுதான் வித்தியாசம். சந்தேகமாக இருந்திருந்தால் அவளிடமே, "ஏத்தா, தூங்கலயா, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டிருக்கலாமே.

மச்சானுக்கும் எனக்கும் அன்று மாலை நடந்ததையும் சொல்கிறேன். கனமான துணியோடு கூட, கடைக்காரர் சிபாரிசில் மெல்லிய வெள்ளை வலைத்துணியும் எடுத்துப் போயிருந்தேன். மச்சான் முகம் சுருங்கியது. "இது எதுக்கு? எல்லாம் தெரியுமே!"

கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், தெருவில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது, உள்ளே இருப்பவருக்குத் தெருவும் மலையும் தெரியும். ராத்திரி லைட்டைப் போட்டால் உல்டா. அப்போது கனத்த துணியை இழுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் வெளிச்சமோ, அந்தப் பக்கம் இருப்பவர் தெரிவார். அவ்வளவுதான் கணக்கு.

அவர் சமாதானமாகவில்லை. அப்புறம்தான் அவர் பாஷையில் பேசினேன்.

"மச்சான், ஏலச்செடிக்கு முழு வெயில் ஆகாதுன்னு மேல மரம் விட்டிருக்கீங்க. அப்புறம் மழைக்கு முந்தி ஆள விட்டு ஏன் கிளைய வெட்டுறீங்க?"

"நிழலு அடஞ்சுபோனா பூ பிடிக்காது. நோவு விழும்" என்றார் சட்டென்று. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அதெல்லாம் செடிக்கு" என்றார் பிறகு. ஆனால் வலைத்துணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் பக்கத்தில் வந்து நின்றாள். வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மெல்லக் கேட்டாள். "இத நானே திறந்துக்கலாமா மாமா? இல்ல, அதுக்கும் அப்பாகிட்டக் கேக்கணுமா?"

எனக்குச் சுரீரென்றது. இத்தனை தீர்ப்பும் சுற்றி வந்து நிற்கும் இடம் அதுதான். அதே துணிதான். அவள் இழுத்து மூடினால் அது அவளுக்கு அந்தரங்கம். இன்னொருவர் மூடி, திறக்காதே என்றால், அது கம்பி இல்லாத ஜெயில். துணிக்கு மீட்டர் என்ன விலை, கலர் பொருந்துமா என்று அரை நாள் பார்த்த நான், இதைக் கடைசிவரை யோசிக்கவே இல்லை.

"நீதான் திறக்கணும், நீதான் மூடணும்" என்றேன், மச்சான் காதில் விழும்படி. அவர் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுவே பாதி சம்மதம்.

மறுநாள் காலை அப்பத்தா என்னைக் கூப்பிட்டு விட்டார். "ஏப்பா, இப்படித் துணியப் போட்டு மூடிப்புட்டா, ஒங்க அக்காளுக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையான கவலை. அக்கா மகள்தான் பதில் சொன்னாள். "ஆறு மணிக்கு நான் திரையத் திறந்து கையக் காட்டுறேன் அப்பத்தா. காட்டலைன்னா வந்து கதவத் தட்டுங்க. வேற எதையாச்சும் பாத்தா, எங்கிட்டக் கேளுங்க. கடைல கேக்காதீங்க."

அப்பத்தா கொஞ்சம் தலை குனிந்தார். "நான் என்னத்தக் கண்டேன்..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

சரி, யாரோடு பேசினாள்? கடைசியில் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? பஸ் ஏறும்வரை கேட்க வாய்ப்பு இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், என்னிடம் அவளுக்கு அவ்வளவு பிரியம். உங்களுக்கும் இங்கே எழுதியிருப்பேன்.

கேட்கவில்லை.