அரசனும் அமைச்சரும்

பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் எகலப்பொலவை நினைத்துக்கொள்வேன். இந்த ஊர்கள் உள்ள சப்பிரகமுவ ஒரு காலத்தில், திசாவை என்ற மாகாண ஆளுநராக இருந்த அவர் பொறுப்பில் இருந்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு அவர்தான் முதலமைச்சர். மன்னனோ கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வழிப் பிள்ளை.

அமைச்சர் சொல்ல வேண்டும், அரசன் கேட்க வேண்டும். இங்கே இருவருக்கும் நடுவில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. முந்திய அமைச்சர் பிலிமத்தலாவையைச் சதிக்காகக் கொன்ற மன்னனுக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை. 1814இல் கண்டிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். எகலப்பொல போகவில்லை. சப்பிரகமுவ மக்களைத் திரட்டி எதிர்த்தார், தோற்றார், ஆங்கிலேயரிடம் ஓடினார். கண்டியில் சிக்கியிருந்த அவருடைய மனைவி மக்களை மன்னன் கொல்லச் செய்தான். மூத்த பிள்ளை பயந்து தாயைக் கட்டிக்கொள்ள, இளையவன் மத்தும பண்டார தானே முன்னால் போய் நின்றான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் நெஞ்சு பதறும்.

மன்னன் செய்தது கொடுமை. ஆனால் வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூட்டிவந்த அமைச்சரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் பெருகியதும், அவற்றில் வேலை செய்ய நம் பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து கால்நடையாக வந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆங்கிலேயரிடம் பிடிபட்ட மன்னன், சிறைவைக்கப்பட்ட வேலூரிலேயே 1832இல் இறந்தான். ஆங்கிலேயர் எகலப்பொலவையும் நம்பவில்லை. மொரீஷியசுக்கு நாடு கடத்தினார்கள். 1829இல் அங்கேயே கண்ணை மூடினார்.