ஒரு கமிட், இரண்டு பேர்

ஒரே திரை, ஒரே கீபோர்டு, இரண்டு பேர். ஒருவர் தட்டச்சு செய்கிறார். பக்கத்தில் இருப்பவர் அடுத்த அடியை யோசிக்கிறார், பிழை வரப்போகும் இடத்தில் தடுக்கிறார். 1990களின் இறுதியில் கென்ட் பெக் தமது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையின் வழியே பரவலாக்கிய பழக்கம் இது. அரைநாள் உழைத்துவிட்டு, செய்த மாற்றங்களைக் கிட் மென்பொருளில் பதிந்து கமிட் போட்டால், எழுதியவர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் ஏறுகிறது. அந்தக் கணினியில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர் பெயர்.

கிட் மென்பொருள் பிறந்த சூழல் அப்படி. 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக அதை உருவாக்கியபோது திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தன. எழுதி அனுப்பியவர் ஒருவர், வாங்கிச் சேர்த்தவர் இன்னொருவர். இருவருக்கும் தனித்தனி இடம் உண்டு. சேர்ந்து எழுதியவருக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. பின்னாளில் கமிட் செய்தியின் கடைசியில் ‘கோ-ஆத்தர்டு-பை’ என்று ஒரு வரி சேர்க்கும் வழக்கம் வந்தது. 2018 முதல் கிட்ஹப் அதைப் படித்து இருவரையும் காட்டுகிறது. வழி இருந்தும் அந்த வரியை எழுதாமல் விட்டால், இனிக் கருவியின் மேல் பழி போட முடியாது.

தட்டச்சு செய்தவர் ஒருவர்தானே என்று கேட்பதுண்டு. ‘பட்டியல் காலியாக இருந்தால் இது விழுந்துவிடும், வேறு மாதிரி எழுதலாம்’ என்று மற்றவர் சொன்ன ஒரு வாக்கியத்தால் நாற்பது வரிகள் எழுதப்படாமலே போயிருக்கும். எழுதாமல் தவிர்த்த வரி, மாற்றங்களைக் காட்டும் எந்த டிஃபிலும் தெரியாது. தட்டச்சு செய்த வரிகளை மட்டும் தராசில் நிறுக்கத் தொடங்கினால் இருவரும் கீபோர்டுக்கே போட்டி போடுவார்கள். யோசிக்க ஆள் இருக்காது. பெயர் விடுபட்டால் பெரும்பாலும் நஷ்டப்படுபவர் புதிதாக வந்தவர். மூத்தவரின் கணினியில்தானே வேலை நடக்கிறது!

ஆனால் பெயர் என்பது பாராட்டு மட்டும் இல்லை. ஓராண்டு கழித்து ஏதோ உடைந்தால், எந்த வரி யாருடையது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்து அந்தப் பெயருக்கு உரியவரைத்தான் தேடி வருவார்கள். அதனால் கேட்காமல் ஒருவர் பெயரைப் போடுவதும் தவறு. கெர்னல் குழுவினர் இதில் கறாரானவர்கள்: உடன் எழுதியவர் பெயரைக் குறித்தால், அடுத்த வரியிலேயே அவருடைய ஒப்புதல் வரியும் இருந்தாக வேண்டும். எட்டிப்பார்த்துவிட்டுப் போன குழுத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது பொய். படித்துப் பார்த்துச் சரி சொன்னவருக்கு ‘ரிவ்யூட்-பை’ என்று வேறு வரி இருக்கிறது.

கற்றுக்கொள்ள உட்கார்ந்து, அதிகம் பேசாமல் கவனித்தவர்? அந்த வரிகளைப் பற்றி நாளை யாராவது கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியுமானால், பெயர் போட வேண்டும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாத வேலை இது. கமிட்டின் அடையாளமான ஹாஷ், அதன் செய்தியையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பின்னால் பெயர் சேர்த்தால் அந்தக் கமிட்டின் ஹாஷும் அதைத் தொடர்ந்து வந்தவற்றின் ஹாஷும் மாறிவிடும், மற்றவர்களின் பிரதிகளோடு ஒட்டாது. புஷ் செய்யும் முன்பே பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டு, அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.